போட்டு கவுந்து தண்ணியில கெடக்கும்போது சுறா வந்தா என்ன பண்ணணும்

நம்ம பக்கம் கடலுக்குப் போற பசங்ககிட்ட போட்டு கவுந்தா என்னடா பண்ணுவேன்னு கேட்டா நீந்தி கரைக்கு வந்துருவேன்ணேங்குறான், சுறா வந்தா என்னடா பண்ணுவேன்னு கேட்டா மூக்குல ஒரு குத்து விடுவேங்குறான். எல்லாம் செல்லுல பாக்குற ரீல்ஸ் பண்ற வேலை. ரெண்டும் சுத்தமா தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா வேற ஒண்ணும் கையில இல்லாதப்ப கடைசியா செய்ய வேண்டியது அது ரெண்டும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நெறைய கெடக்கு, அதுல பாதி கரையிலயே செய்ய வேண்டியது.

இதுக்கு நான் ரெண்டாம் உலக யுத்தக் கதையத்தான் எடுத்துக்கிட்டு வருவேன், ஏன்னா சுறா திரியிற நடுக்கடல்ல நூத்துக்கணக்கான ஆளுங்க நாள்கணக்கா மிதந்தது பெரும்பாலும் யுத்த காலத்துலதான், மத்த நேரத்துல யாரும் அப்படி கெடக்க விட மாட்டாங்கல்ல. அதுல செத்தவன் எதனால செத்தான், பொழச்சவன் எதைச் செஞ்சு பொழச்சான்னு பாத்தா நமக்கு வேண்டியது அத்தனையும் அதுக்குள்ளயே இருக்கு.

எல்லாரும் சொல்ற கதை அமெரிக்காக்காரனோட இண்டியானாபொலிஸ் கப்பல். 1945 ஜூலை 30, நடுராத்திரி தாண்டுன நேரம், குவாம்ல இருந்து பிலிப்பைன்ஸ்ல இருக்குற லெய்ட்டேக்குப் போகும்போது ஜப்பான்காரன் நீர்மூழ்கி டார்பிடோ விட்டுச்சு, 12 நிமிசத்துல கப்பல் உள்ள போயிருச்சு. கப்பல்ல இருந்தது 1195 பேர், உயிரோட தண்ணியில விழுந்தது 900 பேருக்குக் கொஞ்சம் கம்மி, கடைசியில பொழச்சது 316 பேர். மிச்ச அத்தனை பேரையும் சுறா தின்னுருச்சுன்னுதான் நம்மாளுங்க நெனைக்கிறாங்க. சுறா கொன்னது உண்மைதான், சில டஜன்ல இருந்து 150 பேர் வரைக்கும் கணக்கு சொல்றாங்க. அதை விட அதிகம் பேர் செத்தது காயத்துலயும் தாகத்துலயும் வெயில்லயும், உப்புத்தண்ணி குடிச்சு புத்தி பேதலிச்சும். சுறாவும் முக்கால்வாசி எடுத்தது ஏற்கனவே செத்து மிதந்த பொணத்தையும், கூட்டத்தை விட்டு தனியா ஒதுங்குனவனையும்தான்னு பொழச்சவங்களே சொல்லிருக்காங்க. அதனால இந்தப் பதிவுல சுறா கொஞ்சம் லேட்டாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

முதல் வேலை, நீங்க வரலைன்னா வரலைன்னு தெரியுற ஆள் ஒருத்தர் கரையில இருக்கணும். அந்தக் கப்பல்காரங்க நாலு நாள் கெடந்ததுக்குக் காரணமே இதுதான். குறிச்ச நாள்ல கப்பல் துறைமுகத்துக்கு வரல, போர்க்கப்பல்தானே எங்கயாவது திருப்பி விட்டுருப்பாங்கன்னு அங்க இருந்தவன் சும்மா இருந்துட்டான், தேடி ஒருத்தரும் கெளம்பல. கடைசியில ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்த வழியா ரோந்து வந்த ஒரு விமானி, தன்னோட விமானத்து ஏரியல் கம்பிய சரி பண்ணக் குனிஞ்சவரு, கீழ எண்ணெய்ப் படலத்தைப் பாத்து, அதுக்கப்புறம்தான் மனுசத் தலையப் பாத்தாரு. முழுக்க தற்செயல். நம்ம விசைப்படகுக்கு டோக்கன் இருக்கு, எந்த போட்டு போச்சு எது திரும்பலைன்னு பதிவு நிக்கும். நாட்டுப்படகு, வத்தை, பைபர் போட்ல போறவன்தான் யார்கிட்டயும் சொல்லாம போயிடுறான். வடகடலா (பாக் பக்கம்) தென்கடலா (மன்னார் வளைகுடா பக்கம்), எத்தனை பேரு, எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வீட்டுலயோ சங்கத்துலயோ சொல்லிட்டுப் போங்க, அந்த நேரம் தாண்டி இவ்வளவு மணியாயிட்டா 1554க்கு அடிங்கன்னும் சேத்து சொல்லுங்க. 1554 கடலோரக் காவல்படை நம்பர், 1093 கடலோரப் பாதுகாப்பு போலீஸ். வீட்டுப் பொம்பளைங்க செல்லுல ரெண்டையும் போட்டுக் குடுங்க, உங்க செல்லு உங்களோட தண்ணியில கெடக்கும்ல.

செல்லை நம்பிப் போறது பத்தி இன்னொண்ணு. தனுஷ்கோடி தாண்டுனா இலங்கை டவர் எடுக்க ஆரம்பிச்சுரும், அந்த நேரம் 1554 போட்டா போகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. விஎச்எப் ரேடியோ இருந்தா 16ஆம் சேனல், ஆபத்துன்னு அர்த்தப்படுற மேடேங்குற வார்த்தைய மூணு தடவை சொல்லி, படகு பேரு, ஜிபிஎஸ் கணக்கு, எத்தனை பேரு, என்ன ஆச்சு, இவ்வளவுதான். அழுது கத்தி கதை சொல்லிக்கிட்டு இருந்தா எதுத்தாப்ல கேக்குறவருக்கு இடம் புரியாது. இஸ்ரோ செஞ்ச அந்த டிஏடி கருவி போட்ல இருந்தா பட்டனை அமுக்குனா சேட்டிலைட் வழியா காவல்படைக்குச் செய்தி போயிரும். பல போட்ல அது ஐஸ் பொட்டிக்குப் பின்னாடி சாக்குக்கு அடியில கெடக்குறதைப் பாத்துருக்கேன். கவுக்குறப்ப கைக்கு எட்டுற எடத்துல மாட்டி வைங்கப்பா.

லைப் ஜாக்கெட் கதை உங்களுக்கே தெரியும். வேர்க்குது, வலை இழுக்க எடைஞ்சலா இருக்குன்னு மடிச்சு வச்சுட்டு மேல உக்காந்து சோறு திங்கிறோம். அந்தக் காலத்து ஜாக்கெட்ல கபோக்னு சொல்ற இலவம்பஞ்சு வச்சிருப்பாங்க, ரெண்டு மூணு நாள்ல தண்ணி ஏறி கனத்துப் போச்சு, அதைக் கழட்டவும் முடியாம முங்கிப் போனவங்க உண்டு. இப்ப வர்ற போம் ஜாக்கெட்டுக்கு அந்தப் பிரச்சனை இல்ல, ஆனா வார் அறுந்து, பக்கிள் உடைஞ்சு இருந்தா அதுவும் வீண்தான். கவுந்தப்புறம் தண்ணிக்குள்ள மாட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, வத்தை கவுந்து முங்கி எந்திரிக்கும்போது வலைக்கயிறு கால்ல சுத்திருக்கும், அலை மூஞ்சில அடிக்கும், அப்ப பக்கிள் தேட கை வராது. ராத்திரியிலயும், காத்து முறுக்குற நேரத்துலயுமாவது போட்டுக்கங்க. வாடைக்காத்துக்கு வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காத்து நேரத்துல தென்கடல், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

கவுந்தாச்சு. இப்ப போட்டை விட்டு நகராதீங்க. பைபர் போட்டா இருந்தா குப்புறக் கவுந்தாலும் பெரும்பாலும் மிதக்கும், அது மேல ஏறி எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒடம்பத் தண்ணிக்கு வெளிய எடுங்க. தேடி வர்ற ஹெலிகாப்டருக்கு மனுசத் தலை ஒண்ணு தேங்கா சைஸ்தான், கவுந்த போட்டுன்னா தூரத்துல இருந்தே தெரியும். அந்தா தெரியுது மணல் தீடை, நீந்திப் போயிடலாம்னு தோணும். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்குற இழுப்புல தீடை பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்கும், நீங்க வேற எங்கயோ போய்க்கிட்டிருப்பீங்க. போட்டு முங்கிருச்சுன்னா கேன், ஐஸ் பொட்டி, மிதப்புக் கட்டை எது கெடைக்குதோ அதை எல்லாம் சேத்து வலைக்கயித்துல கட்டி அதைப் பிடிச்சுக்கங்க.

கூட்டத்தை விட்டும் போகாதீங்க, அதுக்கு நமக்குப் பக்கத்துல நடந்த கதையே இருக்கு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கைக்குத் தென்மேற்க கார்ன்வால், டார்செட்ஷயர்னு ரெண்டு பிரிட்டிஷ் கப்பலை ஜப்பான் விமானங்க முக்கிருச்சு. ரெண்டுலயும் சேத்து 1500க்கு மேல ஆளு, அதுல 424 பேர் போயிட்டாங்க, மிச்ச 1122 பேரும் மறுநாள் சாயந்தரம் வரைக்கும், கிட்டத்தட்ட 30 மணி நேரம் கெடந்து பொழச்சாங்க. டார்செட்ஷயர் கேப்டன் ஏகரும் அவங்களோடதான் தண்ணியில கெடந்தாரு. படகு கொஞ்சந்தான் மிஞ்சுச்சு, அதுல காயம்பட்டவங்க, மத்தவங்க அதைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு. நம்ம போட்ல நாலு பேரா இருந்தாலும் இதே முறைதான், அடிபட்டவனை போட்டு மேல ஏத்து, மத்தவன் சுத்திப் பிடி, ஒருத்தன் பேச்சை மட்டும் கேளு. ஸ்ராங்கு (போட்டு ஓட்டுற தலைவர்) இருந்தா ஸ்ராங்கு பேச்சு. அந்த நேரத்துல நாலு பேரும் நாட்டாமை பண்ணக்கூடாது.

தண்ணி விசயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கடல்தண்ணி ஒரு லிட்டர்ல 35 கிராம் கிட்ட உப்பு இருக்கு, நம்ம கிட்னியால அவ்வளவு கெட்டியா உப்பை வெளிய தள்ள முடியாது, அதனால குடிச்ச ஒரு லிட்டரை வெளியேத்த ஒடம்பு ஒரு லிட்டருக்கு மேலயே தன் தண்ணியச் செலவழிக்கும். குடிக்கக் குடிக்க தாகம் ஏறும், அப்புறம் புத்தி மாறும். இண்டியானாபொலிஸ் ஆளுங்க மூணாவது நாள்ல தீவு தெரியுது வாங்க போவோம்னு கெளம்பி நீந்திப் போனான், கப்பல் நம்ம காலுக்குக் கீழதான் நிக்குது, உள்ள குழாய்ல நல்ல தண்ணி வருதுன்னு சொல்லி முங்கிப் போய் கடல்தண்ணியக் குடிச்சான், பக்கத்துல இருந்தவனை ஜப்பான்காரன்னு நெனச்சு கத்தியால குத்துனவனும் உண்டு. அப்படி பிரிஞ்சு போனவன்தான் சுறாவுக்கு மாட்டுனது. அதனால வாய் வெந்து போனாலும் கொப்புளிக்கக்கூட எடுக்காதீங்க, கொப்புளிக்கிறவன் முழுங்கிருவான். போட்ல ஒரு 5 லிட்டர் கேன்ல முக்கால்வாசி நல்ல தண்ணி ஊத்தி, மூடிய இறுக்கி, கயித்துல கட்டி வைங்க, அது மிதக்கும், கவுந்தாலும் உங்களோடயே கெடக்கும். யாராவது ஒளற ஆரம்பிச்சா அவனை ஒங்க ஜாக்கெட்டோட சேத்துக் கட்டிருங்க, வாதம் பண்ணாதீங்க.

குளிரும் வரும். 28 டிகிரி தண்ணி வெதுவெதுப்பாதானே இருக்கும்பீங்க, ஒடம்பு சூடு 37, தண்ணி காத்தை விட பல மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சும், விடியக்காலை பல்லு தட்டும். தனியாளா இருந்தா முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு மிதங்க. நாலு பேர்னா நெஞ்சோட நெஞ்சு சேத்து கைகோத்துக்கங்க. சட்டை, கைலி, எதையும் அவுத்துப் போடாதீங்க, கனமா இருக்குன்னு தோணும், ஆனா வெயிலுக்கும் குளிருக்கும் சொறிக்கும் (ஜெல்லி மீன்) அதுதான் மறைப்பு. நம்ம கடல்ல சுறாவை விட சொறியும் திருக்கை முள்ளும்தான் தெனம் ஆளைப் படுத்துது.

சரி, சுறா. முதல்ல அது சுறாதானான்னு பாருங்க. நம்ம பக்கம் முதுகு தெரிஞ்சாலே அலறுறாங்க, பல தடவை அது டால்பின், நம்ம ஓங்கில். ஓங்கில் மூச்சு விட மேல எந்திரிச்சு உருண்டு உள்ள போகும், புஸ்ஸுன்னு சத்தம் கேக்கும், வாலு தட்டையா படுத்திருக்கும். சுறா அப்படி எந்திரிச்சு முங்காது, முதுகுப் பீலி, அதாவது முதுகுத் துடுப்பு, ஒரே மட்டத்துல தண்ணிய அறுத்துக்கிட்டு வரும், வாலு செங்குத்து, பக்கவாட்டுல ஆடும், சில நேரம் பீலிக்குப் பின்னாடி வால் நுனியும் தண்ணிக்கு மேல தெரியும். அம்மணி உளுவை (திமிங்கலச் சுறா) வந்தா அது எவ்வளவு பெருசா இருந்தாலும் பயப்பட வேண்டாம், அது வடிகட்டித் திங்கிற ஜாதி, சும்மா வழிவிடுங்க. அதைப் பிடிச்சா கேஸ் வேற. யுத்தத்துல ஆளை எடுத்தது பெரும்பாலும் ஆழ்கடல் வெள்ளைநுனிச் சுறா, அது கரையோரம் வர்ற ஜாதி இல்ல, வடகடல் மாதிரி ஆழம் கம்மியான கடல்ல அது திரியாது. தென்கடல் தாண்டி ஆழத்துக்கு தங்கல் போறவங்க, அதாவது நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறவங்க மட்டும் அதை மனசுல வச்சுக்கங்க.

சுறாவை வரவழைக்கிறது மூணு, ரத்தம், மீன் வாசனை, தவிக்கிற சத்தம். காயம் இருந்தா அந்த எடத்தை முடிஞ்ச வரை தண்ணிக்கு மேல தூக்கி இறுக்கிக் கட்டுங்க. கவுந்த போட்ல மீன் மிச்சம் இருந்தா, பசிக்குதுன்னு பக்கத்துலயே அறுத்து கொடலை வீசாதீங்க. இண்டியானாபொலிஸ் ஆளுங்க கையில ஒரு டப்பா கறி கெடச்சு, தெறந்ததும் அந்த வாசனைக்கு சுறா கூட்டமா வந்துருச்சு, டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு தப்பிச்சாங்கன்னு பொழச்சவங்க சொல்லிருக்காங்க. கூட இருந்தவன் செத்துட்டா கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது, பேர் பொறிச்ச கழுத்துத் தகடைக் கழட்டி வச்சுக்கிட்டு அவங்களும் விட்டுட்டாங்க. சொல்லவே கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா உயிரோட இருக்குறவங்களுக்காக அதைச் செய்யணும். மோதிரம், செயின், வாட்ச் கழட்டி சட்டைக்குள்ள போடுங்க, தண்ணிக்குள்ள மினுங்குனா சின்ன மீன் மாதிரி இருக்கும். அதே கண்ணாடியோ தகடோ தண்ணிக்கு மேல வெயில்ல காட்டி விமானத்துக்கு மினுக்குறது வேற விசயம், அது கட்டாயம் பண்ணுங்க.

சுத்த ஆரம்பிச்சா காலை மேல இழுத்துக்கிட்டு முதுகோட முதுகு ஒட்டி வெளிய பாத்து நில்லுங்க, குளிருக்குச் சொன்னது நெஞ்சோட நெஞ்சு, இதுக்கு முதுகோட முதுகு. ஒருத்தன் கண்ணு எப்பவும் அது மேலயே இருக்கட்டும், பாத்துக்கிட்டிருக்குற ஆள்கிட்ட அது சட்டுன்னு வராது. தனித்தனியா கைகால் அடிக்கிறது அடிபட்ட மீன் துடிக்கிற மாதிரி கேக்கும். கிட்ட வந்தப்ப எல்லாரும் சேந்து ஒரே தாளத்துல உள்ளங்கையக் குழிச்சு பலமா தண்ணிய அடிக்கலாம், அது வேற. சில சுறா முதுகைக் கூனி, பக்கப் பீலி ரெண்டையும் கீழ எறக்கி வெடுக்கு வெடுக்குன்னு திரும்பும், அது மெரட்டுறது, அப்ப நீங்க கண்ணை எடுக்காம மெதுவா பின்னாடி ஒதுங்குங்க. ஒரசிப் பாத்துட்டுப் போச்சுன்னா அடுத்தது கடி. அப்பதான் அடி, துடுப்போ கம்போ கேனோ கையில இருக்குறதால கண்ணுலயும் செவுள்லயும். மூக்குல குத்துறதுன்னு கைய ஓங்குனா கை நேரா வாய்க்குள்ளதான் போகும், அதுவும் தண்ணிக்குள்ள கையில வேகமே வராது.

மருந்து எதாவது இருக்கான்னு கேப்பீங்க. அமெரிக்காக்காரன் அந்த யுத்தத்துலயே ஒண்ணு செஞ்சான், காப்பர் அசிடேட்டும் கருப்புச் சாயமும் சேத்து அழுத்துன கட்டி, ஜாக்கெட்ல கட்டி விட்டா தண்ணி கருக்கும், சுறா வராதாம். பின்னால பெரிய சமையல்காரம்மாவா பேரெடுத்த ஜூலியா சைல்டும் அந்த வேலையில இருந்தவங்கதான். அப்புறம் சோதிச்சுப் பாத்ததுல பெருசா ஒண்ணும் வேலை செய்யல, ஆனாலும் 1970கள் வரைக்கும் நேவி வச்சிருந்துச்சு, ஏன்னா அது கையில இருந்தா ஆளு தைரியமா இருக்கான். நமக்கு இது புதுசா என்ன, நம்ம மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புல சுறா வாயைக் கட்ட மந்திரம் போடுற கடல்கட்டிங்க இருந்தாங்க. 13ஆம் நூற்றாண்டுல வந்த மார்க்கோ போலோவே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான், முத்துல இருபதுல ஒரு பங்கு அவங்களுக்கு, சாயந்தரம் ஆனா மந்திரத்தை அவுத்து விட்டுருவாங்களாம், ராத்திரி எவனும் திருட்டுத்தனமா குளிக்கக்கூடாதுன்னு. வெள்ளைக்காரன் ஆட்சியிலயும் அவங்களுக்குக் கூலி குடுத்தாங்க, கடல்கட்டி வரலைன்னா குளியாளு முங்க மாட்டான். நான் ரெண்டையும் கேலி பண்ண மாட்டேன், பதறாம இருக்குறவன் கைகால் அடிக்க மாட்டான், அந்த அளவுக்கு ரெண்டும் வேலை செஞ்சிருக்கும்.

கடிச்சிருச்சுன்னா எல்லாமே ரத்தத்தை நிறுத்துறதுலதான் இருக்கு. துணிய வச்சு முழு பலத்தோட அமுக்குங்க. கை கால்ல பீச்சி அடிச்சா கைலியக் கிழிச்சு நாலு விரல் அகலத்துக்கு மடிச்சு, காயத்துக்கு மூணு நாலு விரல்கடை மேல, மூட்டுல இல்லாம, சுத்திக் கட்டி, முடிச்சுக்கு மேல ஸ்பானரையோ கம்பையோ வச்சு முறுக்குங்க, ரத்தம் நிக்கிற வரைக்கும். கத்துவான், கத்தட்டும். மெல்லிசு நைலான் கயித்துல கட்டாதீங்க, சதைய அறுத்துரும். கட்டுன நேரத்தை ஞாபகம் வச்சுக்கங்க, நடுவுல எளகவிட்டுப் பாக்குறதெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரியில அவுக்கட்டும். கரைக்கு வரும்போதே 108ஐ பாலத்துக்கோ ஜெட்டிக்கோ வரச் சொல்லிருங்க. இன்னொண்ணு, வலையில வந்து தளத்துல கெடக்குற சுறாவும் கடிக்கும், செத்துருச்சுன்னு வாய்ப்பக்கம் கைய விடாதீங்க, செருப்புக் காலோட மிதிக்காதீங்க.

கடைசியா, தூக்கப் போற போட்டுக்காரங்களுக்கு. ராத்திரியா இருந்தா லைட்டைப் போட்டுக் காட்டிக்கிட்டே போங்க. இண்டியானாபொலிஸ் ஆளுங்களைத் தேடி வந்த டாய்ல்ங்குற கப்பல் தன்னோட பெரிய லைட்டை வானத்தைப் பாத்து அடிச்சுக்கிட்டே வந்துச்சு, நீர்மூழ்கி பாத்துரும்னு தெரிஞ்சும், தண்ணியில கெடந்தவன் அதைப் பாத்துட்டு இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டான். ரொம்ப நேரம் கெடந்தவனை அக்குளைப் பிடிச்சு நேரா நிக்க வச்சு இழுக்காதீங்க, ரத்த அழுத்தம் விழுந்து போட்டுக்குள்ள வந்தப்புறம் போறவங்க உண்டு, முடிஞ்ச வரைக்கும் படுக்க வச்ச மாதிரி, வலையில சரிச்சு உருட்டி ஏத்துங்க. ஏத்துனதும் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா நனைச்சு விடுங்க. கிட்ட போகும்போது கியரை நியூட்ரல்ல போட்டுருங்க, புரொப்பல்லர் சுத்திக்கிட்டு இருந்தா சுறாகிட்ட தப்பிச்சவன் உங்ககிட்ட மாட்டுவான்.